ஏ.பி.என். படிக்கலாமா? வார்டில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சிக்கு விரிவான பதில்

ஏ.பி.என். என்றால் அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ், அதாவது மேற்படிப்பும் பயிற்சியும் முடித்து, நோயாளியைச் சோதித்துச் சிகிச்சையை முடிவுசெய்யும் தாதி. கேள்வி கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவ வார்டில் ஐந்தாவது வருடமாக வேலை பார்க்கிறார். அவர் எழுதியது: "அக்கா, ஏ.பி.என். ஆகணும்னு ஆசை. ஆனா வீட்ல, அது பாதி டாக்டர் வேலை, பொறுப்பு மட்டும் முழுசுன்னு சொல்றாங்க. டாக்டருக்குப் பதிலா நர்ஸ் பார்த்தா நோயாளிக்கு நல்லதுதானா? ஆராய்ச்சி என்ன சொல்லுது? படிப்புல அப்படி என்னதான் புதுசா சொல்லிக்கொடுக்கிறாங்க?"

நான் சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நீரிழிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களைப் பார்க்கும் ஏ.பி.என். அதனால் என் பதில் ஒரு பக்கமாகச் சாயலாம் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. எனக்குச் சாதகமில்லாத ஆய்வையும் சேர்த்தே சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

படியுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எதற்காகப் படிக்கப்போகிறீர்கள் என்று தெரிந்து போங்கள். பலபேர் நினைப்பதுபோல அந்தப் படிப்பு கூடுதலாக நாலு நோயும் நாற்பது மருந்தும் தெரிந்துகொள்வதற்கானது இல்லை. இதுவரை நீங்கள் கவனித்துச் சொல்பவர். இனி முடிவெடுப்பவர். அந்த ஒரு படி ஏறுவதற்குத்தான் இரண்டு மூன்று வருடம் ஆகிறது.

ஒரு மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வயது 67, காவலாளி வேலை, இரவு ஷிஃப்ட். இன்சுலின் போட ஆரம்பித்து ஆறு வருடம். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒன்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் இரண்டு யூனிட், நாலு யூனிட் என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. என்னிடம் வந்த அன்று சட்டையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தேன். வலது பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒரு தடிப்பு. தோல் சாதாரணமாகத்தான் தெரிகிறது, ஆனால் உள்ளே ரப்பர் மாதிரி. "மாமா, தினமும் இங்கேயா போடுறீங்க?" என்று கேட்டேன். "ஆமாம்மா, அங்கேதான் வலிக்கல" என்றார். ஆறு வருடமாக ஒரே இடம்! தடித்துப்போன கொழுப்புக்குள் போகும் இன்சுலின் ஒருநாள் பாதிதான் ரத்தத்தில் சேரும், இன்னொரு நாள் மொத்தமாகச் சேரும். அதோடு, வேலைக்குப் போகும் அவசரத்தில் இரவு ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டு, சாப்பாட்டை பதினொரு மணிக்குத்தான் பிரிப்பாராம். நடுவில் கை நடுங்கும், இனிப்புப் போட்ட காப்பி குடிப்பார், சரியாகிவிடும். அது லோ சுகர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

இதுவரை ஒரு நல்ல ஸ்டாஃப் நர்ஸ் கண்டுபிடித்துவிடுவார். நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் வித்தியாசம். "இனிமே இடம் மாத்திப் போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நல்ல தோலில் அதே டோஸ் முழுசாக உள்ளே இறங்கி, பாதி ராத்திரியில் காவல் கூண்டில் மயங்கி விழுந்துவிடுவார். இடத்தை மாற்றும் அன்றே டோஸைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது, எத்தனை நாளில் ரத்தச் சர்க்கரையை மறுபடி பார்ப்பது, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது, மருந்தையே மாற்றலாமா, எந்த நிலை வந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதையெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து நான் தீர்மானித்து, என் பெயரில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் அது சரியாகப் போனாலும் தப்பாகப் போனாலும் என்னுடையதுதான். உங்கள் வீட்டில் சொல்லும் "பொறுப்பு" இதுதான். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

இந்தப் பதவியே ஆராய்ச்சியோடு பிறந்ததுதான். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் (ஏ.பி.என். போன்ற பதவிக்கு அங்கே அதுதான் பெயர்) பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டாத ஊர்களில் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதே காரணம். உடனே எழுந்த கேள்வி நீங்கள் கேட்ட அதே கேள்வி: இது பாதுகாப்பானதா? கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தின் பர்லிங்டன் ஊரில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை டாக்டரிடமும் இன்னொரு பகுதியை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பிப் பார்த்தார்கள். 1974-இல் முடிவு வந்தது, உடல்நிலையில் வித்தியாசம் இல்லை.

அதற்கப்புறம் எல்லோரும் சுட்டிக்காட்டுவது, 2000-ஆம் ஆண்டில் மேரி மண்டிங்கர் குழுவினர் வெளியிட்ட நியூயார்க் ஆய்வு. 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு டாக்டர்களுக்கு இருந்த அதே அதிகாரம், அதே மாதிரி நோயாளிகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உடல்நிலை, சர்க்கரை, ஆஸ்துமா எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரத்த அழுத்த நோயாளிகளின் கீழ் எண் மட்டும் நர்ஸ் பக்கம் 82, டாக்டர் பக்கம் 85. நல்ல செய்திதான். ஆனால் ஆறு மாதம் என்பது நீரிழிவுக்கு ரொம்பக் குறைவான காலம் என்பதையும் மனதில் வையுங்கள். சிறுநீரகம் கெட்டுப்போவது தெரியவே பத்து வருடம் ஆகும்.

2018-இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று வந்தது, அதுவும் முதல்நிலைப் பராமரிப்பைப் பற்றித்தான். 18 குலுக்கல் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நர்ஸ் பார்த்தாலும் பலன் டாக்டர் பார்த்ததற்குச் சமம், சிலவற்றில் கொஞ்சம் மேல் என்றார்கள். நோயாளிகளின் திருப்தி சற்று அதிகம். சந்திப்பு நேரமும் நீளம், திரும்ப வருவதும் சற்று அதிகம். இந்த நேர நீளத்தைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த மாமாவின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும், சாப்பாட்டுப் பொட்டலத்தை எத்தனை மணிக்குப் பிரிக்கிறார் என்று கேட்கவும் அந்த நேரம்தான் இடம் கொடுத்தது.

இப்போது மறுபக்கம். 2022-இல் டேவிட் சான், யிச்சுன் சென் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கலாம். அவர்கள் பார்த்த நோயாளிகள் அவசரப் பிரிவில் இருந்த நேரம் 11 விழுக்காடு கூடியது. தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனை அனுமதிகள் 20 விழுக்காடு கூடின. அதே ஆய்வில், ஒரே தொழிலுக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரியது என்பதும், சராசரி டாக்டரைவிட நன்றாகச் செய்த நர்ஸ் பிராக்டிஷனர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதும் தெரிந்தது.

இந்த ஆய்வைச் சக ஏ.பி.என்.களிடம் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. எனக்கு இது முக்கியமான ஆய்வு. பர்லிங்டனும் நியூயார்க்கும் தொடர்ந்து வரும் நோயாளிகளைப் பற்றியவை. இன்று தப்பினால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். அவசரப் பிரிவில் கதவைத் திறந்துகொண்டு யார் வருவார், என்ன நோயோடு வருவார் என்று தெரியாது. நெஞ்செரிச்சல் என்று வருபவருக்கு மாரடைப்பாக இருக்கலாம். முன்பின் தெரியாத நோயாளியை, பக்கத்தில் கேட்க ஆளில்லாமல், சில நிமிடத்தில் முடிவுசெய்ய வேண்டும். ஆகவே "நர்ஸ் பார்த்தால் நல்லதா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நோயாளியை, எவ்வளவு பயிற்சியோடு, யார் துணையோடு பார்க்கிறார் என்று கேட்டால்தான் பதில் வரும்.

சிங்கப்பூரிலும் ஆய்வு நடக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிஜிட் வூ, வில்சன் டாம் குழுவினர் 2017-இல் அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டிலும் ஏ.பி.என்.களின் பங்கை அலசிய 15 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். காத்திருப்பு நேரமும் மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவதாகவும், நோயாளிகளின் திருப்தி கூடுவதாகவும் அதில் வந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டில் நடந்தவை. நம் ஊரில் அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் ஒரு நோயாளியை டாக்டர், ஏ.பி.என்., மருந்தாளர், உணவியல் நிபுணர், ஒருங்கிணைப்பாளர் என்று குழுவாகத்தான் பார்க்கிறோம். மாமாவின் சர்க்கரை இறங்கினால் அது யாரால் இறங்கியது? குழு வேலையைப் பிரித்து அளக்க நல்ல வழி கண்டுபிடிப்பவர்களுக்கு இங்கே பெரிய ஆராய்ச்சி காத்திருக்கிறது. உங்களுக்கு எண்களில் ஆர்வம் இருந்தால் இதை மனதில் போட்டு வையுங்கள்.

படிப்பு விஷயம். இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003-இல் முதுநிலைப் படிப்பு தொடங்கியது. ஏ.பி.என். என்ற பதவிப்பெயர் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. சிங்கப்பூர் தாதியர் வாரியத்தின் தனிப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. முதுநிலைப் பட்டம் வாங்கியதும் ஏ.பி.என். ஆகிவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அதற்குமேல் மருத்துவரின் மேற்பார்வையில் உள்ளகப் பயிற்சி, அதற்குமேல் வாரியத்தின் சான்றிதழ் மதிப்பீடு. அதெல்லாம் முடிந்தால்தான் பதிவு. 2030-க்குள் 700 ஏ.பி.என்.கள் வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் இலக்கு, எனவே ஆள் தேவை இருக்கத்தான் செய்கிறது.

பாடம் என்று பார்த்தால் மூன்று தூண்கள்: நோய் உடலில் எப்படி நடக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, உடலை எப்படிச் சோதிப்பது. இவற்றில் முதல் இரண்டையும் உட்கார்ந்து படித்துத் தேறிவிடலாம், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பதா கஷ்டம்? மூன்றாவதுக்குக் கை பழக வேண்டும். இதயத்தின் ஒரு முணுமுணுப்பை நூறு நெஞ்சில் கேட்டால்தான் நூற்றியோராவது நெஞ்சில் அடையாளம் தெரியும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இவை எதுவும் இல்லை. பதினோரு வருடம் வார்டில் இருந்துவிட்டுப் போனேன். எஸ்பார் முறையில் டாக்டருக்குத் தகவல் சொல்வதில் என்னை அடிக்க ஆள் கிடையாது: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் பரிந்துரை. பயிற்சியில் முதல் வாரம் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு மேற்பார்வை டாக்டரிடம் அழகாகச் சொல்லி முடித்து, அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. பதில் தெரியும், ஆனால் அதை முடிவாகச் சொல்லிப் பழக்கமில்லை. "டாக்டர் நினைத்தால் இப்படிச் செய்யலாம்" என்றுதான் நாக்கு போகிறது. அந்த "டாக்டர் நினைத்தால்" என்னை விட்டுப் போக எட்டு மாதம் ஆனது.

இது எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. வார்டில் மூத்தவராக இருந்தவர் புது வேலையில் மறுபடி கற்றுக்குட்டியாகிவிடுகிறார், தன்னம்பிக்கை முதலில் கீழே போய்த்தான் மேலே வருகிறது. நர்ஸ் பிராக்டிஷனர் கல்வி ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது. அமெரிக்காவில் இதற்காகவே படிப்பு முடிந்தபின் ஒரு வருட ரெசிடென்சி (மேற்பார்வையோடு வேலை பார்த்தபடியே கற்கும் பயிற்சி) வைக்கிறார்கள், முதலாவது 2007-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சமூகச் சுகாதார நிலையத்தில் ஆரம்பமானது. பயிற்சி மணிநேரம் போதுமா என்பதும் அங்கே சூடான விவாதம். நெடுங்காலம் குறைந்தது 500 மணிநேரம் என்று இருந்ததை 2022-இல் 750 ஆக உயர்த்தினார்கள். எனக்கு அதுவும் குறைவாகத்தான் படுகிறது. ஆஸ்திரேலியாவில் பதிவுக்கே உயர்நிலைப் பணியில் 5,000 மணிநேரம் அனுபவம் கேட்கிறார்கள். முதுநிலைக்கு அப்புறமும் உள்ளகப் பயிற்சி வைக்கும் சிங்கப்பூர் முறை மெதுவாக இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. அந்த எட்டு மாதத்தில் நான் எடுத்த தப்பான முடிவுகளை யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து பிடித்தார், அதனால் நோயாளிகள் நன்றாக இருக்கிறார்கள்.

சிந்திக்கும் முறையையே இப்போது பாடமாக வைக்கிறார்கள், இதை நான் ரொம்ப வரவேற்கிறேன். அனுபவமுள்ள தாதிக்கு முதல் பார்வையிலேயே ஒரு கணிப்பு வந்துவிடும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆபத்தும் அதில்தான். முதலில் தோன்றியதிலேயே நின்றுவிடுவோம். "வேறு என்னவாக இருக்கலாம், தவறவிடவே கூடாதது எது" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வைப்பதுதான் பயிற்சி. பாவனைப் பயிற்சியும் இதற்குத்தான். நோயாளியாக நடிப்பவர், பொம்மை உடல், இப்போது மெய்நிகர் உலகம். தேசியப் பல்கலைக்கழகத்தின் லியாவ் சோக் யிங் குழுவினர் செயற்கை நுண்ணறிவில் இயங்கும் டாக்டரோடு தாதி மாணவர்கள் பேசிப் பழகும் மெய்நிகர்ப் பயிற்சியை உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். பேசிப் பழக அது நல்லது. வயிற்றில் இருக்கும் தடிப்பை விரலுக்குச் சொல்லிக்கொடுக்க அதனால் முடியாது.

மருந்து எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ.பி.என். ஆனவுடன் மருந்துச் சீட்டு எழுதலாம் என்பது தப்பு. 2018-இல் தொடங்கிய கூட்டு மருந்துப் பரிந்துரைப் பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும். அனுபவமுள்ள மருந்தாளர்களும் அதே வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், சிறுநீரகம் பலவீனமானவருக்கு டோஸ் குறைப்பதை அவர்களைப்போல யாரும் சொல்லித்தர மாட்டார்கள். முடித்தபின்னும் டாக்டர்களோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் எல்லைக்குள்தான் எழுதலாம். உங்கள் வீட்டாருக்கு இதைக் காட்டுங்கள். எதை நானே செய்யலாம், எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. அந்த எல்லை தெளிவாக இருக்கும் இடத்தில் வேலை பார்ப்பது நிம்மதி. பயிற்சிக் காலத்தில் ஓர் இடத்தில் அது தெளிவாக இல்லாமல், காலையில் ஒரு டாக்டர் "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார், மாலையில் இன்னொருவர் "யாரைக் கேட்டுச் செய்தீர்கள்" என்பார். அழுதுவிட்டு வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. அதனால் எங்கே போவதென்றாலும் அந்த ஒப்பந்தத்தை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்றும் கேட்பீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை இரண்டு வருட ரெசிடென்சியாகக் கொண்டுவந்திருக்கிறது. பிரசவம் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. நீங்கள் இருப்பது பொது மருத்துவ வார்டு, நாட்பட்ட நோய்களைப் பார்க்கும் கை. அதற்கு இங்கேதான் இப்போது வழி அகலமாக இருக்கிறது.

தமிழ் ஒரு கூடுதல் பலம், அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். இங்கே இந்தியர்களிடம் நீரிழிவு சீனர்களைவிட அதிகம். ஒரு பாட்டியிடம் ஆங்கிலத்தில் "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா" என்றால் "யெஸ் யெஸ்" என்பார். தமிழில் "பாட்டி, வெள்ளிக்கிழமை விரதமா, அன்னிக்கு மாத்திரையை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால் மொத்தமும் வெளியே வரும். விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்று அங்கேயே தீர்மானிக்க முடிகிற ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால் அந்தப் பாட்டிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரே ஒரு நோயாளி. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்னால், இவருக்கு என்ன என்று நினைக்கிறேன், வேறு என்னவாக இருக்கலாம், நானாக இருந்தால் இன்று என்ன செய்வேன் என்று மூன்று வரி எழுதுங்கள். பெயர், படுக்கை எண் எதுவும் வேண்டாம். ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவர்கள் எடுத்த முடிவைப் பக்கத்தில் எழுதுங்கள். எங்கே மாறுபட்டதோ அதைக் கேளுங்கள். ஹவுஸ் ஆபீசர்கள் (படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் புது டாக்டர்கள்) பலர் சந்தோஷமாகச் சொல்வார்கள், அவர்களும் கற்றுக்கொண்டிருப்பவர்கள்தான். மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். நோட்டைப் புரட்டும்போது அந்த மூன்றாவது வரியை எழுத மனம் துடிக்கிறதா, இல்லை முதல் வரியோடு நிறுத்திவிடத் தோன்றுகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் நர்ஸ் மேனேஜரிடம் போங்கள், படிப்புக்கு நிறுவனத்தின் ஆதரவைக் கேட்கும்போது "ஆசையாக இருக்கிறது" என்பதைவிட அந்த நோட்டு நன்றாகப் பேசும்.

அந்த மாமா இப்போது நாலு இடம் மாற்றி மாற்றிப் போடுகிறார். முன்பு போட்டதில் முக்கால் பங்கு இன்சுலின்தான். போன முறை ஹெச்பிஏ1சி 7.8. சாப்பாட்டுப் பொட்டலத்தை ஏழரைக்கே பிரித்துவிடுகிறாராம்.